இரவல் புத்தகத்தில் அழுக்கு எந்தப் பக்கத்தோடு நிற்கிறது?

வேலை மாற்றலில் மதுரைக்கு வந்து, திருநகர் பக்கம் குடியேறி, அருகிலிருக்கும் கிளை நூலகத்தில் உறுப்பினராகி, மூன்று மாதத்தில் நான்கு புத்தகங்களை இரவல் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ‘வாடிவாசல்’ ஒரே மாலையில் முடிந்துவிட்டது. ‘காவல் கோட்டம்’ இருநூறு பக்கத்தோடு நின்றது. ‘ஆரோக்கிய நிகேதனம்’ ஐம்பது பக்கம்கூடத் தாண்டவில்லை. வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று சொல்லும் ஒரு புத்தகத்தைக் கடைசிவரை படித்துவிட்டு, அந்த நேரத்தை நினைத்து வருந்தினீர்கள். கிளை நூலகத்தில் எடுக்கத் தகுந்த நல்ல புத்தகங்கள் எவை என்று கேட்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு மூன்று முறை படித்த பிறகு, நீங்கள் கேட்பது பட்டியல் இல்லை என்று எனக்குத் தோன்றியது. சொல்லித்தர ஆள் இல்லாமல் அலமாரி முன்னால் தனியாக நிற்கும்போது ஒரு புத்தகத்தை எதை வைத்து நம்புவது? நம்பி எடுத்தது பாதியில் நின்றுபோனால் குறை புத்தகத்திலா, படித்தவரிடமா? இந்த இரண்டுக்கும் எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

மதுரையைச் சுற்றியுள்ள கிளை நூலகங்களில் 31 ஆண்டுகள் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வைகைக் கரையில் ஓர் ஊர், மலையடிவாரத்தில் ஓர் ஊர், பிறகு நகரத்தை ஒட்டிய குடியிருப்பு என்று மாற்றலாகிக்கொண்டே இருந்தேன். இப்போது நானும் ஒரு சாதாரண உறுப்பினன். நாவல், வாழ்க்கை வரலாறு, உள்ளூர் வரலாறு, பிற மொழிகளிலிருந்து வந்த கதைகள் ஆகியவற்றைப் பற்றி ஓரளவு உறுதியாகப் பேச முடியும். கவிதையில் என் தேர்வை நம்பி யாருக்கும் புத்தகம் எடுத்துக் கொடுத்ததில்லை. சித்த மருத்துவம், சோதிடம், மனையடி சாஸ்திரம் போன்ற நூல்களில் சரியையும் தவறையும் பிரித்துச் சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. அவற்றை இங்கே தொடவும் போவதில்லை.

அலமாரி முன்னால் நிற்கும்போது நான் முதலில் பார்ப்பது அட்டையை இல்லை. புத்தகத்தை மூடியபடியே பிடித்து, தாள்களின் வெட்டு விளிம்பை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்புவேன். பல கைகள் பட்ட புத்தகத்தில் அந்த விளிம்பு மெல்லப் பழுப்பேறியிருக்கும். விரல் வியர்வையும் பஸ் தூசியும் சேர்ந்து படிந்த அழுக்கு அது. அந்த அழுக்கு எந்த இடத்தோடு நிற்கிறது என்று பாருங்கள். முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை ஒரே நிறமாக இருந்தால், எடுத்தவர்களில் பெரும்பாலோர் முடித்திருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு பழுப்பாகவும் மீதி வெள்ளையாகவும் இருந்தால், அந்த எல்லையில் ஏதோ ஒரு மேடு இருக்கிறது. பலர் அங்கே மூச்சு வாங்கித் திரும்பியிருக்கிறார்கள். பிறகு கடைசித் தாளில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். சீட்டு நிறையத் தேதி முத்திரை விழுந்திருந்தும் விளிம்பு வெள்ளையாக இருந்தால், அட்டையைப் பார்த்து எடுத்துப்போய்ப் படிக்காமல் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். சீட்டில் நாலே நாலு முத்திரை, ஆனால் விளிம்பு முழுக்கப் பழுப்பு என்றால் அதை விடாதீர்கள். அந்த நான்கு பேரும் அதை இரண்டு முறையாவது புரட்டியிருப்பார்கள். சமையல் புத்தகத்துக்கு இதைவிட எளிய வழி உண்டு. மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பிசுக்கும் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தக் குழம்பை நம்பிச் செய்யலாம்.

இது பழக்கத்தில் வந்த கைப்பாடம். தப்பவும் செய்யும். பைண்டிங்குக்குப் போய்வந்த புத்தகத்தில் விளிம்பைச் சீராக வெட்டிவிடுவார்கள், அதோடு பழைய தடயம் எல்லாம் போய்விடும். சிறுகதைத் தொகுப்பில் அழுக்கு அங்கங்கே திட்டுத்திட்டாக இருக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. புதிதாக வந்த புத்தகத்துக்கும் இது பயன்படாது. இருந்தாலும் பின்னட்டையில் அச்சிட்டிருக்கும் பாராட்டை நம்புவதைவிட, நமக்கு முன்னால் அதைக் கையில் வைத்திருந்த ஐம்பது பேரின் விரலை நம்புவது மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

உங்கள் நான்காவது புத்தகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். முன்னேற்ற நூல்களில் பல, கடைக்குப் போகும் வாசகரை மனத்தில் வைத்து அச்சானவை அல்ல, நூலக ஆணையை எதிர்பார்த்து அச்சானவை. பொது நூலகத் துறை புத்தகம் வாங்கும்போது விலையைப் பக்கக் கணக்கில், அதாவது பதினாறு பக்கம் கொண்ட படிவக் கணக்கில், நிர்ணயித்து வந்தது. எழுத்து பெரிதாகி, ஓரம் அகலமாகி, ஒரே செய்தி மூன்று அத்தியாயத்தில் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். காரணம் பற்றிச் சொன்னது என் ஊகம். அத்தகைய நூல்கள் அலமாரியில் நிறைய உண்டு என்பது ஊகம் இல்லை. ஒரு பக்கத்தைத் திறந்து வரிகளை எண்ணுங்கள். இருபதுக்கும் குறைவாக இருந்தால் வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

‘வாடிவாசல்’ ஒரு மாலையில் முடிந்ததில் வியப்பில்லை. சி.சு. செல்லப்பா 1959இல் வெளியிட்ட அந்த ஜல்லிக்கட்டுக் குறுநாவலில் காலம் ஒரே ஒரு பிற்பகல், இடம் ஒரே ஒரு திடல். தந்தையைக் குத்திக் கொன்ற காரிக் காளையை அணைய மகன் பிச்சி வந்து நிற்கிறான். அவனுக்குப் பக்கத்தில் நின்று ஊர் நியாயம் பேசும் கிழவனின் வாயிலிருந்தே பாதிக் கதை வந்துவிடுகிறது. செல்லப்பா வத்தலக்குண்டில் வளர்ந்தவர். காளையின் நடை, திமில் மேல் கை விழும் கணம், கூட்டத்தின் மூச்சு எல்லாம் பார்த்தவர் எழுத்தாக இருக்கின்றன. நான் வேலை பார்த்த ஓர் ஊரில் மாடு வளர்க்கும் இளைஞர் ஒருவர் அதைத் திருப்பிக் கொடுக்க வந்தார். மேசையில் வைத்துவிட்டு, உடனே போகாமல், கடைசியில் ஜமீன்தார் தன் காளையையே சுடுவதைத் தன்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்று சொன்னார். மாடு தோற்றால் தொழுவத்துக்குத்தானே கூட்டிப்போக வேண்டும் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் போன பிறகு கடைசி நான்கு பக்கங்களை நின்றுகொண்டே திரும்பப் படித்தேன். வீரத்தைப் பற்றிய கதை என்று அதுவரை எண்ணியிருந்தேன். மனிதன் தன் கௌரவத்தைக் கொண்டுபோய் ஒரு மிருகத்தின் தலையில் ஏற்றிவைப்பதைப் பற்றிய கதை அது என்பதை அந்த இளைஞர் எனக்குக் காட்டிக்கொடுத்தார். நீங்கள் எடுத்த பிரதியின் விளிம்பைப் பார்த்தீர்களா? நான் கண்ட எல்லாப் பிரதியிலும் அது கடைசித் தாள்வரை ஒரே பழுப்பு.

‘காவல் கோட்டம்’ வேறு வகை. சு. வெங்கடேசன் எழுதி 2008இல் வந்தது. 2011ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் நாவலை நூலகத்தின் இரண்டு வாரத் தவணைக்குள், வேலைக்கும் போய்க்கொண்டு, புது ஊரில் வீடும் தேடிக்கொண்டு படித்து முடிக்க முடியவில்லை என்றால் அது வாசகரின் குறை ஆகாது. முதல் நூறு, இருநூறு பக்கங்களில் படையெடுப்பும் அரச மாற்றமும் மளமளவென்று கடந்து போகின்றன. பெயர்கள் மனத்தில் தங்குவதற்குள் அடுத்த தலைமுறை வந்துவிடுகிறது. நான் பார்த்த பிரதிகளில் அழுக்கு அங்கேதான் மெலிகிறது. ஆகவே ஒன்று செய்யுங்கள். ஆங்கிலேயக் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டைச் சுவரை இடிக்கும் பகுதியைத் தேடி, அங்கிருந்து தொடங்குங்கள். சுவரைக் காத்து நின்ற தெய்வங்கள் இடம்பெயரும் அந்த அத்தியாயங்களைப் போல மதுரையைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாரட் வீதியிலும் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் நடந்து பாருங்கள். கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து உண்டான இடத்தில் போட்ட தெருக்கள் அவை. அந்த வேலையில் இருந்த நில அளவையாளர், மேஸ்திரி இவர்களின் பெயரைத்தான் இன்றும் சுமக்கின்றன. கோட்டை இடிக்கப்பட்டது வரலாறு. யார் என்ன பேசினார்கள், எந்தச் சாமி யார் மேல் இறங்கியது என்பது நாவலாசிரியரின் கை. வாசகர்கள் இந்த நாவலை மேற்கோள் காட்டி ஊர்ச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்ல வந்ததை என் மேசையருகிலேயே பார்த்திருக்கிறேன். நாவலை அதற்குப் பயன்படுத்தக் கூடாது.

‘ஆரோக்கிய நிகேதனம்’ பற்றித்தான் உங்களிடம் கொஞ்சம் அதிகம் பேச விரும்புகிறேன். ஏனென்றால் நானும் அதைப் பாதியில் திருப்பிக் கொடுத்தவன். தாராசங்கர் பந்த்யோபாத்யாய வங்காளத்தில் எழுதி, 1956இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். த.நா. குமாரசாமி தமிழாக்கியது. அப்போது எனக்கு வயது 34. பெயரே மருந்துக்கடைப் பலகை போல இருக்கிறதே என்று எண்ணியபடிதான் வீட்டுக்கு எடுத்துப்போனேன். காரை பெயர்ந்த பழைய வைத்தியசாலை, அதன் திண்ணை, வயதான வைத்தியர் ஜீவன் மஷாய், அவர் நாடி பார்க்கும் விதம் என்று கதை அசையாமல் நின்றது. அறுபது பக்கம் போனேன். மறுநாளே நூலகத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டேன். அந்தப் பிரதியின் விளிம்பும் அதைத்தான் சொன்னது. முதல் விரற்கடை அகலம் பழுப்பு, பிறகு வெள்ளை.

பல ஆண்டுகள் கழித்து என் தகப்பனார் படுக்கையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன பொருள் என்று எங்களுக்கும் புரிந்தது, அவருக்கும் புரிந்திருக்கும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரவில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருப்பேன். எனக்கு நாடி பார்க்கத் தெரியாது. கையைப் பிடித்துக்கொள்ள அது ஒரு சாக்கு. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, அந்தப் புத்தகத்தின் திண்ணை நினைவுக்கு வந்தது. மறுநாள் காலை நூலகம் திறந்ததும் அதைத் தேடி எடுத்து, என் பெயரிலேயே இரவல் பதிந்து கொண்டுபோனேன். ஒன்பது இரவுகளில் படித்தேன். முன்னே அசையாமல் நின்றதாகத் தோன்றிய ஒவ்வொரு பக்கமும் இப்போது மெதுவாக நகர்ந்தது. நோயாளியின் அறையில் நேரம் நகர்வது போலவே நகர்ந்தது.

ஜீவன் மஷாய் நாடியைப் பிடித்துப் பார்த்து, இன்ன காலத்துக்குள் மரணம் என்று சொல்லிவிடுவார். புதிதாக வந்த இளம் டாக்டருக்கு அது கொடுமையாகப் படுகிறது. ஊசியும் மருந்தும் வந்துவிட்ட காலத்தில் உயிரோடு இருப்பவரிடம் மரணத்தைப் பேசலாமா என்று கோபப்படுகிறார். யார் பக்கம் நியாயம் என்று தாராசங்கர் தீர்ப்புச் சொல்வதில்லை. இளம் டாக்டர் பிழைக்கவைக்கும் உயிர்களையும் காட்டுகிறார், கிழவரின் கணிப்பு பலிப்பதையும் காட்டுகிறார். அந்த மனிதர் பெற்ற மகனுக்கே மரணம் கணித்தவர். அதற்காக மனைவி அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. அந்த வீட்டுக்குள் இருவரும் பேசிக்கொள்ளும் பக்கங்களைப் படித்ததும் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் தகப்பனாரிடம் நாங்கள் சொல்லாமல் இருந்தது சரியா என்று அன்று தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு தனியாக இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் நாட்டு வைத்தியர் ஒருவர் இதே பிரதியை ஏழெட்டு முறை எடுத்திருக்கிறார். ஒருநாள் அவரிடம் கேட்டேன். விரல் வைக்கும் முறை, நோயாளியின் முகத்தைப் படிப்பது, வீட்டாரிடம் பேசும் பக்குவம் எல்லாம் உண்மையாக எழுதப்பட்டிருக்கிறது என்றார். நாள் குறித்து மரணம் சொல்வதை மட்டும் தன் அனுபவத்தில் தான் ஒப்புக்கொள்ளவில்லை என்றார். எனக்கு வங்காளம் தெரியாது. ஆகவே மூலத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தமிழாக்கம் பழைய நடையில், வடசொல் கலந்து இருக்கிறது. முதல் எண்பது பக்கத்துக்கு அது உறுத்தும், பிறகு அந்தக் கிழவரின் குரலாகவே ஆகிவிடும். நீங்கள் ஐம்பதில் நின்றுவிட்டீர்கள். இன்னும் முப்பது பக்கம் போயிருக்கலாம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. அந்தப் புத்தகத்துக்கு உரிய நேரம் உங்களுக்கு இன்னும் வராமல் இருக்கலாம். சீர்காழியில் பிறந்து இந்திய நூலகத் துறைக்கே வழிவகுத்த எஸ்.ஆர். இரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்ற இரண்டையும் சான்றிதழ் வகுப்பில் மனப்பாடம் செய்தேன். ஒரே வாசகர் ஒரு நூலுக்கு 34 வயதில் உரியவராக இல்லாமல், பின்னால் உரியவர் ஆகலாம் என்பதை நான் வேலையில்தான் கற்றேன். கிளை நூலகத்தின் பெரிய வசதி அதுதான். காசு கொடுத்து வாங்கிய புத்தகம் வீட்டில் இருந்து குத்திக்காட்டும். இரவல் புத்தகம் அலமாரிக்குப் போய்க் காத்திருக்கும்.

மதுரைக்குப் புதியவர் என்பதால் உள்ளூர் அலமாரியிலிருந்து இரண்டைச் சொல்ல ஆசைப்படுகிறேன். தொ. பரமசிவன் எழுதிய ‘அழகர் கோயில்’, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் செய்த ஆய்வு. பல்கலைக்கழகமே 1989இல் வெளியிட்டது. ஆய்வேட்டுக்கே உரிய வறட்சி இருக்கும், பின்னிணைப்புகள் இருக்கும். ஆனாலும் நான் வேலை பார்த்த ஓர் ஊரில் ஒவ்வொரு ஆண்டும் பங்குனி முடியும் சமயத்தில் அந்தப் புத்தகத்துக்கு ஆள் வந்துவிடும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஏன் கள்ளர் வேடத்தில் வருகிறார், வண்டியூரில் துலுக்க நாச்சியார் கதை எப்படி வந்தது, கோயிலோடு கள்ளர், இடையர், வலையர், பள்ளர் ஆகிய சமூகங்களுக்கு என்ன உறவு என்பதையெல்லாம் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதியிருக்கிறார். தங்கள் பாட்டன் சொன்ன சேதி அச்சில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் பலரும் எடுப்பார்கள். ஓரத்தில் பென்சிலால் திருத்தம் எழுதிவைத்தவர்களும் உண்டு. புத்தகத்தில் கிறுக்குவது தவறு. அந்தத் திருத்தங்களை மட்டும் நான் அழிக்கவில்லை.

மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘சமணமும் தமிழும்’ 1954இல் வந்தது. நாட்டுடைமை ஆக்கப்பட்டதால் பல பதிப்புகளில் கிடைக்கிறது. திருநகரிலிருந்து கீழக்குயில்குடிச் சமணமலைக்குப் போவது பெரிய பயணம் இல்லை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே செட்டிப்புடவு குகைக்கும் பேச்சிப்பள்ளத்துக்கும் ஏறுங்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போது பாறையில் இருக்கும் தீர்த்தங்கரர் உருவங்கள் நன்றாகத் தெரியும். கீழே வட்டெழுத்து வரிகளும் தெரியும். அங்கே எது உறுதி, எது ஐயம் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சம்பந்தரிடம் வாதில் தோற்று மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேற்றப்பட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அது உண்மையில் நடந்ததா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் சம்பந்தர் காலத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும், 9, 10ஆம் நூற்றாண்டுகளில், இந்த மலையில் சமணப் பள்ளி இருந்து உருவங்கள் செதுக்கப்பட்டன என்பதைக் கல்லே சொல்கிறது. படித்தவுடன் போய்த் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் சான்று இருப்பது மதுரைவாசிக்குக் கிடைத்த கொடை.

தன்வரலாறு என்றால் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1940 முதல் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது என்பதால் அத்தியாயங்கள் சிறியவை. பஸ்ஸில் ஒன்று, படுக்கும் முன் ஒன்று என்று போகும். 122 அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறது. 1942இல் ஐயர் மறைந்துவிட்டார். எனக்கு அதில் மிகவும் பிடித்த இடம் 1880இல் கும்பகோணத்தில் நடப்பது. அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று ஏராளமாகப் படித்த இளம் வித்துவான், அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் முன்னால் உட்கார்ந்து தான் படித்த பட்டியலைச் சொல்கிறார். முதலியார் முகத்தில் அசைவே இல்லை. சீவக சிந்தாமணிக் காப்பியம் படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. அந்த ஓர் ‘இல்லை’யிலிருந்து ஏழு ஆண்டு உழைப்பு, 1887இல் சிந்தாமணிப் பதிப்பு. தான் வெட்கப்பட்ட நேரத்தை அறுபது ஆண்டு கழித்து அப்படியே எழுதிவைத்த நேர்மைக்காகவே நான் அதைத் திரும்பத் திரும்ப எடுக்கிறேன்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யையும் பாருங்கள். சிங்கம்புணரியில் பிறந்தவர். இளமையில் இந்தோனேசியாவில் இருந்துவிட்டு வந்து, மதுரையில் நாளிதழ் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் பல பத்தாண்டுகள் தனியாக வாழ்ந்தவர். 1972இல் வந்த அந்த நாவலில் உலகப்போர்க் காலத்து மேடானும் பினாங்கும் இருக்கின்றன. நடுநடுவே கதாநாயகன் பாண்டியனின் நினைவில் மதுரைத் தெருக்கள் பொங்கி வருகின்றன. தொலைவில் இருப்பவனுக்குத்தான் ஊர் அவ்வளவு துல்லியமாகத் தெரியும் போலிருக்கிறது. மலாய்ச் சொற்களும் செட்டிநாட்டுக் கொடுக்கல் வாங்கல் மொழியும் தொடக்கத்தில் காலை இடறும். அழுக்கு நிற்கும் இடமும் அதுவே. இங்கே மட்டும் என் ஆலோசனை வேறு: தெரியாத சொல்லுக்கு நிற்காமல் ஓடிவிடுங்கள், பொருள் பின்னால் தானாக வந்து சேரும். இந்த வழி எல்லாருக்கும் பலித்தது என்று சொல்ல முடியாது. நான் எடுத்துக் கொடுத்தவர்களில் சிலர் முடித்துவிட்டு வந்து கண்கள் மின்னப் பேசினார்கள், சிலர் பேசாமல் வைத்துவிட்டுப் போனார்கள்.

கேள்வியின் கடைசி வரியில், அந்த நான்கையும் தவிர, ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தில் மூன்றாவது பாகம் அலமாரியில் இல்லாததால் இரண்டோடு நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கிளை நூலகத்திலும் இந்த வருத்தம் உண்டு. எடுத்தவர் ஊர் மாறியிருப்பார், அல்லது புத்தகம் தாள் உதிர்ந்து கழிவுக்குப் போயிருக்கும். நான் இருந்த ஓர் ஊரில் இரண்டாம் பாகம் மூன்று ஆண்டு இல்லை. பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் மாதம் தவறாமல் வந்து கேட்பார். வாயால் கேட்டதை நானும் வாயால் பதில் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன், எழுதிப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதை இன்றும் என் தவறாகத்தான் நினைக்கிறேன். நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து, உள்ளாட்சிக்குக் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்கப்படுகிறது. வாடகை வீட்டில் இருந்தாலும் உங்கள் வாடகையில் அது அடங்கியிருக்கிறது. கேட்பதில் கூச்சம் வேண்டாம். வெள்ளிக்கிழமை கிளை நூலகத்துக்கு விடுமுறை, மற்ற நாளில் போங்கள். வாசகர் கருத்துப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, ‘பொன்னியின் செல்வன், மூன்றாம் பாகம், கொலை வாள்’ என்று தலைப்போடு எழுதி, கீழே உறுப்பினர் எண்ணையும் தேதியையும் போடுங்கள். பக்கத்தில் வேறு யாராவது படித்துக்கொண்டிருந்தால் அவர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மூன்று கையெழுத்து இருந்தால், மாவட்ட மைய நூலகத்துக்கு எழுதும் நூலகருக்கு அது கைகொடுக்கும்.